வாப்பாவின் வலது கால்

கீ... கீ... கீ... கீ...

காருக்குள் திடீரென்று அலாரம் அலறியது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த சின்னத் திரை சிவப்பாக மின்னியது. என்ன ஏது என்று கேட்க யாருக்கும் அவகாசம் இல்லை. திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்தை நோக்கிச் சீராக ஓடிக்கொண்டிருந்த கார், கூட்டேரிப்பட்டைத் தாண்டி ஒரு பாலத்தின் மேல் ஏறியதும், பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்தாற்போல் நின்றது. சீட் பெல்ட் நெஞ்சை அழுத்தியது. அடுத்த மூச்சில் பின்பக்கம் இடி விழுந்தது.

பின் கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்து சீட்டில் கொட்டியது.

ஓட்டிக்கொண்டிருந்தவர் சர்புதீன். ஷார்ஜாவில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவர். லீவில் ஊருக்கு வந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி நஃபீசா பீவி. பின் சீட்டில் மகன் முகம்மது ஆசிப், விழுப்புரத்தில் செல்போன் கடை வைத்திருப்பவன். திண்டிவனத்தில் கட்டிக் கொடுத்த மகள் அர்ஷியா மாசமாக இருந்தாள். அவளைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழி.

நஃபீசா பீவி தண்ணீர் பாட்டிலை எடுக்கக் குனிந்த நேரம் அது. இடது மணிக்கட்டு டேஷ்போர்டில் மோதி, அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு அல்லாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மோதியது மல்லாட்டை மூட்டை ஏற்றி வந்த மினி லாரி. அதன் முகப்பு நசுங்கி, ஒரு மூட்டை பிரிந்து, பாலமெங்கும் வேர்க்கடலை உருண்டோடியது.

மினி லாரியின் டிரைவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தான். கெடாரைச் சேர்ந்தவன், பெயர் தாண்டவராயன். காருக்கு முன்னால் போய் நின்று ரோட்டைப் பார்த்தான். ஆடு இல்லை. மாடு இல்லை. ஒரு கல்கூட இல்லை. வெயிலில் காய்ந்துகொண்டிருந்த வெறும் தார், எல்லாப் பாலத்திலும் இருக்கிற இரும்புப் பட்டை.

"இன்னா சார் இது? வெறும் ரோட்ல இப்படி நிக்கறீங்க? மூட்டை மேல ஆளு ஏத்திக்கினு வந்திருந்தா, இந்நேரம் பாலத்துக்குக் கீழதான் தேடணும்."

பின்னால் வந்து மோதியவன் மேல்தான் பழி விழும் என்பது ஹைவேயில் எல்லோரும் அறிந்த கணக்கு. தாண்டவராயனும் சண்டைக்குத் தயாராகத்தான் வந்தான். சர்புதீன் இறங்கி, அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். தப்பு முழுக்கத் தன்னுடையது, எத்தனை பேர் கேட்டாலும் அப்படியே சொல்கிறேன் என்றார். தாண்டவராயன் குழம்பிப்போய்த் தன் கையை உருவிக்கொண்டான்.

ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தபோது சர்புதீன் மகனைத் தனியே அழைத்தார். குரல் தாழ்ந்திருந்தது.

"ஆசிப், வண்டி அதுவா பிரேக் போட்டுச்சாடா? முன்னாடி ஏதாச்சும் வந்தா அதுவே போடும்னு ஷோரூம்ல சொன்னாங்களே."

அதுதான் சரியான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல அந்த இடத்தில் தகுதியான ஆள் ஆசிப்தான். அவன் பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"முன்னாடி ஒண்ணுமே இல்லையே வாப்பா. வண்டி எதுக்குப் போடப்போவுது? அலாரம் கத்தினதும் நீங்க பதறிப்போயி மிதிச்சிட்டீங்க."

சர்புதீன் குனிந்து தன் வலது காலைப் பார்த்தார். காலணிக்குள் இருந்த விரல்களை ஒரு முறை அசைத்தார்.

"அப்படித்தான் இருக்கும்" என்றார்.

*

பொய் சொல்லி முடித்த அந்த நிமிடத்திலிருந்து ஆசிப்பின் காது சுட்டுக்கொண்டே இருந்தது.

கார் வாங்கிய கதை அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். போன லீவில் சர்புதீனே ஷோரூமுக்கு வந்திருந்தார். அங்கே அட்டையில் செய்த ஓர் ஆளை நடுவில் நிறுத்தி, காரை அதை நோக்கி ஓட்டிக் காட்டினார்கள். அட்டை ஆளுக்கு ஒரு முழம் முன்னால் கார் தானே நின்றது. சர்புதீன் சின்னப் பிள்ளைபோல் சிரித்தார். இன்னொரு முறை காட்டச் சொன்னார். முன் பம்பருக்குள் ஒரு ராடாரும், கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமராவும் இருக்கிறதாம். இரண்டும் எப்போதும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருக்குமாம். அந்த வசதி உள்ள வண்டிதான் வேண்டும் என்று பிடிவாதமாக அதையே எடுத்தார். தான் அங்கே இருக்கும்போது இங்கே இவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு ஜோடிக் கண் வேண்டும் என்றார்.

அந்தக் கண்ணைத்தான் ஆசிப் கெடுத்துவைத்தான்.

விக்கிரவாண்டி டோல்கேட்டுக்கு அந்தப்பக்கம் ஓர் ஓட்டல் வாசலில் ஞாயிற்றுக்கிழமைகளில் கார்ப் பைத்தியங்கள் கூடும். எல்லாம் அவன் வயதுப் பையன்கள். அவர்கள் கார்கள் ரோட்டை முத்தமிடுகிறாற்போல் தாழ்ந்து நிற்கும். ஆசிப்பின் கார் மட்டும் வயலில் கொக்கு நிற்பதுபோல் உயரமாக நிற்கும். ஏறுவதற்கு ஏணி எங்கேடா என்று ஒருவன் கேட்டான். அடுத்த வாரம் இன்னொருவன் நிஜமாகவே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து கதவுக்குப் பக்கத்தில் வைத்தான். அதைப் படமெடுத்து குரூப்பில் போட்டார்கள்.

புதுச்சேரியில் ஒரு கடையில் நான்கு ஸ்பிரிங்கையும் கழற்றிக் குட்டை ஸ்பிரிங் மாட்டினான். பின்பக்கத்தைவிட முன்பக்கம் கூடுதலாக இறங்கியது. பாயப்போகும் புலி மாதிரி இருக்கிறது என்று அவனே ரசித்தான். கடைக்காரன் மட்டும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தான். முன்பக்க ராடார் எங்கே பார்க்கிறது என்பதைக் கம்பெனியில் காட்டி அளவு சரிபார்த்துக்கொள் என்று. ஆசிப் தலையாட்டினான். போகவில்லை. கார் வாப்பாவின் பெயரில் இருந்தது. கம்பெனிக்குப் போனால் வாப்பாவுக்குப் போன் போகும்.

கொஞ்ச நாளில் வளவனூர்ப் பக்கம் போனபோது அது நடந்தது. சின்னப் பாலம். ரோட்டின் குறுக்கே பாலத்தை இணைக்கும் இரும்புப் பட்டை. கார் திடீரென்று கத்திக்கொண்டு பாதி வேகத்துக்கு இறங்கியது. பின்னால் யாரும் வராததால் தப்பித்தான். வீட்டுக்கு வந்து போனில் தேடிப் படித்தான். விஷயம் எளிமையானது. தூரத்தை நேராகப் பார்க்க வேண்டிய ராடார் இப்போது தலை குனிந்து தரையைப் பார்க்கிறது. தரையில் கிடக்கும் இரும்பு அதற்கு எதிரே நிற்கும் லாரியாகத் தெரிகிறது.

அப்போதாவது ஸ்பிரிங்கை மாற்றியிருக்கலாம். அவன் செய்தது வேறு. டேஷ்போர்டின் நடுவில் இருந்த தொடுதிரையில் நாலைந்து இடத்தில் தட்டி, தானே பிரேக் போடும் வசதியை அணைத்துவிட்டான். ஆனால் கம்பெனிக்காரன் விவரமானவன். வண்டியை நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தால் அது தானாகவே உயிர் பெற்றுவிடும். அதனால் ஆசிப்புக்கு ஒரு பழக்கம் வந்தது. ஏறி உட்கார்ந்ததும், பெல்ட் போடுவதற்கு முன்னால், விரல் திரைக்குப் போகும். தட்டு, தட்டு, தட்டு, அணை. சாவி அவன் கையில் இருந்தவரை எந்தக் குறையும் இல்லை.

வாப்பா லீவில் வந்தார். விமான நிலைய வாசலிலேயே பெட்டியை வைத்துவிட்டு, ஓரடி பின்னால் போய்க் காரைப் பார்த்தார். வண்டி ஏன் ஒரு மாதிரி குனிந்திருக்கிறது என்று கேட்டார். இந்த மாடலே அப்படித்தான் வாப்பா என்றான். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. மகன் சொன்னால் நம்புகிறவர்.

அன்று திண்டிவனத்தில் அர்ஷியா வீட்டு வாசலில் சாவியை அவரே கேட்டு வாங்கினார். இருக்கையைச் சரிசெய்தார். மூன்று கண்ணாடிகளையும் துடைத்துத் திருப்பினார். பிஸ்மில்லா சொல்லி ஸ்டார்ட் செய்தார். பின் சீட்டிலிருந்த ஆசிப் திரையைப் பார்த்தான். வசதி விழித்துக்கொண்டிருந்தது. இரண்டு சீட்டுக்கும் நடுவே கையை நீட்டித் தட்டினால் போதும். தட்டினால், என்னடா அமுக்குகிறாய் என்று கேட்பார். கேட்டால் ஸ்பிரிங் கதை வரும். இன்றைக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லிக்கொண்டு செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தான்.

வழியில் பாலம் இருப்பது அவனுக்குத் தெரியும்.

*

நஃபீசா பீவியின் மணிக்கட்டில் எலும்பு விரிசல் விட்டிருந்தது. மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். விழுப்புரத்து வீட்டில் விசாரிக்க வருகிறவர்கள் கூட்டம். ஒவ்வொருவருக்கும் சர்புதீனே நடந்ததைச் சொன்னார். அலாரம் அடித்தது, பயந்துபோய் முழுக்க மிதித்துவிட்டேன். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

கோட்டக்குப்பத்திலிருந்து நஃபீசாவின் அண்ணன் ஜமால் முகம்மது வந்தார். கேலி அவருக்குச் சோறு மாதிரி. டீயை ஊதிக் குடித்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"மச்சான், அங்க ரோட்ல ஒட்டகம் குறுக்க வரும்ல. அந்த ஞாபகத்துல மிதிச்சிட்டியா? இங்க ஒட்டகம் இல்லப்பா. பாலத்துல மல்லாட்டைதான் இருந்துச்சாம், அதுவும் நீ நின்னப்புறம்தான் கொட்டுச்சாம்."

கூடம் சிரித்தது. சர்புதீனும் சிரித்தார். ஆசிப் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். ஜமால் விடவில்லை. சர்க்கரை இருந்தால் கால் மரத்துப்போகும், எதை மிதிக்கிறோம் என்றே தெரியாது, போய்ப் பார் என்றார். சர்புதீன் மறுநாளே போய் ரத்தம் கொடுத்தார். சர்க்கரை இல்லை. கண்ணைப் பார்த்தார்கள். கண்ணில் குறை இல்லை. நரம்பு டாக்டர் சுத்தியால் முழங்காலைத் தட்டினார். கால் ஒழுங்காகத் துள்ளியது.

ஒவ்வொரு முறையும் "ஒன்றுமில்லை" என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். ஒவ்வொரு முறையும் அவர் முகம் இன்னும் சுருங்கியது. ஏதாவது வியாதி என்றால் மாத்திரை போட்டுக்கொள்ளலாம். வியாதி இல்லை என்றால் மிச்சம் இருப்பது அவர் மட்டும்தான்.

ஷார்ஜாவில் அவர் ஓட்டும் பேருந்தில் கே.ஜி. வகுப்புப் பிள்ளைகள் வருவார்கள். பிள்ளைகள் வரைந்து கொடுத்த படம் ஒன்றை ஊருக்குக் கொண்டுவந்து சுவரில் ஒட்டியிருந்தார். மஞ்சள் பஸ், அதைவிடப் பெரியதாய் தாடி வைத்த டிரைவர். விபத்துக்குப் பிறகு அந்தப் படத்துக்கு எதிரே அவர் உட்காருவதில்லை. ஒரு நாள் சாப்பிடும்போது யாரையும் பார்க்காமல் சொன்னார். அந்த நேரம் தன் பின்னால் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் சோறு இறங்கவில்லை என்று.

ஆசிப் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தான். உம்மாவுக்கு அப்போது கை வலி எடுத்தது. இரவு சொல்லலாம் என்று தள்ளினான். இரவு வாப்பா சீக்கிரம் படுத்துவிட்டார். மறுநாள் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை. அதற்கு மறுநாள் கடையில் ஸ்டாக் வந்தது. காரணம் கிடைப்பதில் அவனுக்குக் குறையே இல்லை.

*

தாண்டவராயனின் வீட்டுக்குப் போக வேண்டும் என்று சர்புதீன் சொன்னபோது, ஆசிப் பைக்கில் கூட்டிக்கொண்டு போனான். கெடாரில் விசாரித்ததும் வீட்டைக் காட்டிவிட்டார்கள். நசுங்கிய மினி லாரி வேப்பமரத்தடியில் நின்றது. வண்டியைச் சரிசெய்யும் செலவு தன்னுடையது என்று சர்புதீன் சொன்னார். தாண்டவராயன் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அவன் மனைவி அம்சவள்ளி மோர் கொண்டுவந்தாள்.

பேச்சு எங்கெங்கோ போயிற்று. அந்த ஊர் மழை, இந்த ஊர் வெயில், அங்கே பஸ்ஸில் பெல்ட் போடாத பிள்ளையை என்ன செய்வீர்கள் என்பது வரை. எழுந்தபோது தாண்டவராயன் ஒரு பை நிறைய மல்லாட்டையை ஆசிப்பின் பைக்கில் மாட்டினான். மாட்டிக்கொண்டே அவனிடம் சொன்னான்.

"நான் இத்தினி வருஷம் ரோட்ல இருக்கேன் தம்பி. மோதினவன் எல்லாம் கத்துவான், அடிக்க வருவான். தப்பு என்னுதுன்னு சொன்ன ஆளு உங்கப்பா ஒருத்தர்தான். குடுத்து வச்சவன்யா நீ."

ஆசிப் கிக்கரை உதைத்தான். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. மறுபடி உதைத்தான். தாண்டவராயனின் முகத்தைப் பார்க்காமல் இருக்க அது வசதியாக இருந்தது.

*

கார், விழுப்புரத்தில் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கிடந்தது. அங்கே சர்வீஸ் அட்வைசர் புனிதா. வண்டியை லிஃப்டில் ஏற்றிய அன்றே ஆசிப்பைக் கூப்பிட்டுவிட்டாள். பின்பக்க அடியைப் பார்க்க ஏற்றினோம், முன்பக்கத்தில் கம்பெனி ஸ்பிரிங் இல்லையே சார் என்றாள்.

அவன் பழைய ஸ்பிரிங்குகளைக் கட்டிலுக்கு அடியிலிருந்து கோணிப்பையில் கட்டிக்கொண்டு போனான். இதையே திரும்ப மாட்டிவிடுங்கள், வாப்பாவுக்குப் போன் செய்ய வேண்டாம், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றான். புனிதா கோணிப்பையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். எதற்காக இறக்கினான் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. ஸ்பிரிங்கை மாட்டி, சக்கரங்களை நேர் செய்து, அதற்குப் பிறகு காருக்கு எதிரே கட்டம் போட்ட பலகையை நிறுத்தி, கேமராவுக்கும் ராடாருக்கும் எது நேர்ப்பார்வை என்று மறுபடி சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றாள்.

"பாலத்து மேலதான் நின்னுச்சா சார்?" என்று கேட்டாள். அவன் தலையசைத்தான். "அந்த இரும்பைப் பார்த்துத்தான் போட்டிருக்கும். யாரு ஓட்டினாங்க?"

"எங்க வாப்பா."

"அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்" என்றான் ஆசிப்.

"நல்ல வேளை. சொல்லலைன்னா பாவம், தான்தான் ஏதோ பண்ணிட்டோம்னு உக்காந்திருப்பாரு."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்காரரிடம் திரும்பிவிட்டாள். ஆசிப் வாசலுக்கு வந்து, ஹெல்மெட்டைத் தலையில் மாட்டி, கண்ணாடியை இறக்கி, வண்டியைக் கிளப்பாமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான்.

அவன் போட்ட கணக்கு இதுதான். ஸ்பிரிங் மாறிவிடும். ராடார் சரியாகிவிடும். பின்பக்கம் தட்டி எடுத்துப் பெயின்ட் அடித்துவிடுவார்கள். எதுவும் நடக்காததுபோல் கார் வீட்டுக்கு வந்துவிடும். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. அந்தக் கணக்கில் வாப்பாவை எங்கே எழுதுவது என்றுதான் அவனுக்குத் தெரியவில்லை.

*

கார் வந்தது. பழைய உயரத்தில், பளபளவென்று நின்றது. சர்புதீன் வாசலுக்கு வந்து பார்த்தார். நல்லா பண்ணிட்டாங்க என்றார். ஆசிப் சாவியை நீட்டினான். வாங்கவில்லை. உள்ளே போய்விட்டார்.

அர்ஷியாவைப் பிரசவத்துக்கு அழைத்துவர வேண்டிய நாள் நெருங்கியது. ஷார்ஜாவில் இருந்தபோதே போனில் அவளுக்குச் சொல்லி வைத்திருந்தார், முதல் பிரசவம், உன்னை நானேதான் ஓட்டிக்கொண்டு வருவேன் என்று. அதற்காகவே லீவை அந்த மாதத்தில் போட்டிருந்தார். இப்போது ஆசிப்பே ஓட்டட்டும் என்றார். அர்ஷியா போனில் அழுதாள். பேரப்பிள்ளையைச் சுமந்துகொண்டு இருக்கிறவளை வைத்து விளையாட முடியாது என்று சொல்லிவிட்டுப் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டார்.

அன்று மத்தியானம் ஆசிப் கடையிலிருந்து சாப்பிட வந்தான். உம்மா தூங்கிக்கொண்டிருந்தார். முன்னறையில் வாப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார். எதிரே தரையில் இரண்டு செருப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். வலது காலைத் தூக்கி ஒன்றின் மேல் வைத்தார். எடுத்தார். மற்றதன் மேல் வைத்தார். எடுத்தார். உதடு மெல்ல அசைந்தது. முதலில் ஓதுகிறார் என்றுதான் ஆசிப் நினைத்தான்.

"பிரேக்... ஆக்ஸிலேட்டர்... பிரேக்..."

மகனைப் பார்த்ததும் கால் நின்றது. செருப்புகளைக் காலாலேயே நாற்காலிக்கு அடியில் தள்ளினார். கால் மரத்துப்போயிருந்தது, அதான் என்றார். திருட்டுத்தனம் செய்து பிடிபட்டவர்போல் சிரித்தார்.

ஆசிப்புக்குச் சோறு இறங்கவில்லை. அந்தச் சிரிப்பு அவனுடையது. அவன் சிரிக்க வேண்டிய அசட்டுச் சிரிப்பை வாப்பா சிரித்துக்கொண்டிருந்தார்.

*

மறுநாள் காலை பத்து மணி வாக்கில் அப்பனும் மகனும் திண்டிவனத்துக்குக் கிளம்பினார்கள். நஃபீசா பீவி கைக்கட்டோடு வாசலில் நின்று, பதமாப் போங்க என்று சொல்லி அனுப்பினார்.

ஆசிப் ஏறி உட்கார்ந்தான். விரல் தானாகத் திரைக்குப் போனது. நடுவழியில் நின்றது. இப்போது அணைக்க வேண்டியதில்லை. கையை மடக்கி ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டான். பக்கத்து சீட்டில் வாப்பா பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் வரிசை. முன்னால் போன லாரி நிற்கும்போதெல்லாம் ஆசிப் பிரேக்கை மிதித்தான். மிதிக்கும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு மெல்லிய சத்தம் கேட்டது. ஓரக்கண்ணால் பார்த்தான். வாப்பாவின் வலது கால் தரை விரிப்பை அழுத்தியது. சரியான நேரத்தில். ஒவ்வொரு முறையும் சரியான நேரத்தில். அழுத்திவிட்டு, அழுத்தியது தன் கால்தானா என்று பார்ப்பதுபோல் குனிந்து பார்த்தார்.

டோல்கேட்டைத் தாண்டியதும் பேசினார்.

"காலைல ஷார்ஜாவுக்குப் பேசிட்டேன்டா. பஸ் எனக்கு வேணாம், வேற ஆளப் போட்டுக்குங்கன்னு சொல்லிட்டேன். பஸ் நிறுத்தற யார்டுல கேட் பாத்துக்கற வேலை இருந்தா குடுங்க, இல்லாட்டி பரவால்ல, வந்துடறேன்னு சொன்னேன்."

ஸ்டியரிங்கில் உள்ளங்கை வழுக்கியது. அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று ஆசிப் கேட்டான். சூப்பர்வைசர் நம்பவே இல்லையாம். விளையாடுகிறீர்களா என்று கேட்டானாம். ஒரு கீறல் போட்டதில்லையே, உங்களுக்கா இப்படி என்றானாம். இந்த வாரக் கடைசிவரை யோசியுங்கள் என்றானாம். யோசிக்க என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டு வாப்பா மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கூட்டேரிப்பட்டுக்கு முன்னால் அந்தப் பாலம் வந்தது. போகிற பக்கத்திலும் அதே மாதிரி இரும்புப் பட்டை, வெயிலில் பளபளத்தது. வாப்பாவின் கை கதவுப் பிடியைப் பற்றியது. கால் விரிப்பின் மேல் தயாராக நின்றது.

தடக் தடக். கார் பட்டையைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று. அலாரம் இல்லை. சிவப்பு இல்லை. எதுவும் இல்லை.

வாப்பா கதவுப் பிடியை விட்டார். லேசாகச் சிரித்தார்.

"பாத்தியா? நீ ஓட்டினா கத்தக்கூட மாட்டேங்குது."

ஆசிப் இண்டிகேட்டரைப் போட்டான். பாலம் முடிந்ததும் ஒரு டீக்கடை. அதன் முன்னால் மண் பாதையில் இறக்கி நிறுத்தினான். இன்ஜினை அணைத்தான். டீ குடிக்கலாமா என்று வாப்பா பெல்ட்டைக் கழற்றப் போனார். இருங்க வாப்பா என்றான்.

ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான். பிளாஸ்டிக் ஸ்டூலிலிருந்து ஆரம்பித்தான். புதுச்சேரிக் கடை, குட்டை ஸ்பிரிங், வளவனூர்ப் பாலம், ஒவ்வொரு முறையும் தட்டி அணைத்தது, விமான நிலையத்தில் சொன்ன பொய். அர்ஷியா வீட்டு வாசலில் அது விழித்திருந்ததைப் பார்த்தும் சும்மா இருந்தது. இடையில் டீக்கடைக்காரர் வந்து எத்தனை டீ என்று கேட்டார். ஆசிப் கையைக் காட்டி அனுப்பிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று பயம். பாலத்தின் மேல் நின்று தான் சொன்ன வார்த்தைகளை அப்படியே திரும்பச் சொன்னான். நீங்க பதறிப்போயி மிதிச்சிட்டீங்க. அதைச் சொல்லும்போது மட்டும் குரல் உடைந்தது.

கோட்டக்குப்பத்துக்கு நானே போய் ஜமால் மாமாகிட்ட சொல்றேன், தாண்டவராயன் வீட்டுலயும் சொல்றேன் என்றான். அடிக்கணும்னா அடிங்க வாப்பா என்றான்.

அறை விழும் என்று காத்திருந்தான். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாலத்தின் மேல் லாரிகள் தடக் தடக்கென்று இரும்பைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

கடைசியில் தலையைத் திருப்பிப் பார்த்தான். வாப்பா அவனைப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காலைத் தூக்கி இடது முழங்காலின் மேல் போட்டு, பாதத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார். காணாமல் போய்த் திரும்பி வந்த பிள்ளையைப் பிடித்திருப்பதுபோல். கன்னத்தில் ஈரம் தாடியில் இறங்கிக்கொண்டிருந்தது.

"அப்போ நான் மிதிக்கவே இல்லையாடா?"